சாமந்தி பறிப்பவள் விட்டுவிட்ட கேள்வி

“கவிஞர் இயற்கையை எப்படிப் பார்க்கிறார்?” ஐந்து மதிப்பெண் கேள்வி.

திருவண்ணாமலையில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு மாணவி இந்தக் கேள்விக்கு மட்டும் விடை எழுதாமல் விட்டிருந்தாள். “டாஃபடில்னா என்னன்னே தெரியலக்கா. நோட்ஸ்ல இருந்தத மனப்பாடம் பண்ணேன், மறந்துபோச்சு” என்றாள். பள்ளிக்குக் கிளம்புமுன் அம்மாவோடு அடுத்தவர் தோட்டத்தில் சாமந்தி பறிப்பவள் அவள். பனி காயுமுன் பறித்துக் கட்டினால் பூ அழுகிவிடும் என்று நமக்கே சொல்லித் தந்தவள். அவளுக்கா இயற்கை தெரியாது?

அந்தக் கவிதை பிறந்த கதையை அவளுக்குச் சொன்னோம். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் வேர்ட்ஸ்வொர்த் அந்த மஞ்சள் பூக்களைக் கண்டார். கவிதையில் தனியே அலைந்ததாகச் சொல்கிறார். உண்மையில் தங்கை டாரத்தி உடன் இருந்தார். கண்டதை முதலில் நாட்குறிப்பில் எழுதியவரும் அவர்தான். கவிதை 1807இல் அச்சானது.

அந்தப் பூ நம் பாடப்புத்தகத்துக்கு எப்படி வந்தது? 1835இல் மெக்காலேயின் குறிப்புக்குப் பிறகு அரசுப் பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பானது 1890களில்தான். இந்தியக் கல்லூரிகளில் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அது பாடம். ஆட்சியை மனதார ஏற்கவைக்கும் கருவியாக அந்த இலக்கியம் பயன்பட்டது என்று கவுரி விஸ்வநாதன் 1989இல் வெளியான தன் நூலில் விளக்குகிறார்.

அந்த வகுப்பறைகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சொல்கிறார்: கோவைக் கல்லூரியில் சுமார் 400 மாணவர்கள், 10 பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் யாரோடும் பழகவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே தனியாக உட்கார்ந்து படித்தார். வேர்ட்ஸ்வொர்த் எழுதிய தனிமை அவர் விரும்பிய தனிமை. சீனிவாசனின் தனிமை சாதி கொடுத்தது. அதே சீனிவாசன்தான் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு சென்று நம் உரிமைக்காக வாதாடினார்.

அவருக்கும் முன்பே ஒரு பள்ளி மாணவி எழுதினாள். புனேயில் ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே இணையர் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சாதியில் பிறந்தவள். 14 வயதில் அவள் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வந்தது. கூரையில்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் நம் பெண்களைப் பற்றி அதில் எழுதினாள். வேதம் படிக்க உரிமையில்லாத எங்களுக்கு எது மதம் என்றும் கேட்டாள். அவள் எழுதிய மழையும் இயற்கைதான். எந்த நோட்ஸிலும் அது கிடைக்காது.

தோழர்களே, தேர்வு பாடப்புத்தகத்துக்குத்தான் மதிப்பெண் தரும். அதை நம் பிள்ளைகள் இழக்கக் கூடாது. கவிஞர் எதைப் பார்த்தார், எதோடு ஒப்பிட்டார், பின்னர் அந்த நினைவு அவருக்கு என்ன தந்தது — இந்த மூன்றையும் சொந்த வார்த்தையில் எழுதப் பழக்குங்கள். அதற்கு முன், தாங்கள் பார்த்த ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். சொந்தமாக ஐந்து வரி எழுதிய பிள்ளைக்கு அடுத்தவரின் கவிதை மிரட்சி தராது.

எங்கள் மாணவி மறுவாரம் சாமந்தியைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதி வந்தாள். இலக்கணப் பிழைகளைத் திருத்தினோம். பனி காயக் காத்திருந்ததை எழுதிய வரியில் மட்டும் கைவைக்கவில்லை. பிறகு விட்டுவிட்ட அந்தக் கேள்விக்கு உட்கார்ந்தாள். இந்த முறை நோட்ஸைக் கேட்கவில்லை.