பெயரில்லாத வேலை

ஹேவாஹெட்ட என்றதும் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் எழுதுவது ஒன்றுதான்: 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதை. தாய் கொழுந்தெடுக்க மலையேறிய பின் லயத்தில் தம்பியையும் படுக்கையிலிருந்த பாட்டியையும் பார்த்துக்கொண்ட மூத்த பெண்பிள்ளை அக்கதையில் இல்லை. தோட்டத்துச் செக்ரோலிலும் அவள் பெயர் ஏறவில்லை. பிள்ளைக்காம்பரா வந்தது, அது சிறு குழந்தைகளுக்கு மட்டுமே, நோயாளிகளுக்கல்ல.

பின்னர் தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினர். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை, 5 வயதுக்குக் குறைந்த குழந்தையுள்ள தாயைத் தடுத்தது. 2022இல் அவ்வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. வளர்ந்த பிள்ளைகளுக்கோ பொறுப்பாளர் ஒருவரைக் காட்டினால் போதும். தாளில் அந்தப் பொறுப்பாளர் பாட்டி. நடைமுறையில் பாட்டியையும் சேர்த்துப் பார்ப்பவள் அக்கா!

2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆயிற்று. 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 16 ஆயிற்று. கூலியில்லாத வீட்டுப் பராமரிப்பு எந்தச் சட்டப்படி வேலை?

பிரித்தானியர் 2001 குடிசன மதிப்பீட்டிலேயே இத்தகைய பிள்ளைகளை எண்ணினர். அவர்களின் தேவைகளை மதிப்பிடும் கடமையை 2014ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. அங்கே அவர்களுக்கு ‘இளம் பராமரிப்பாளர்’ என்று பெயர். நம் பாடசாலைப் பதிவேட்டில் அவள் ‘இடைவிலகியவள்’.