இஞ்சிப்பாண் வீட்டின் வரலாறு

நத்தார்ப் பண்டிகை நெருங்குங் காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் சதுக்கங்களிலும் வீட்டு முற்றங்களிலும் விந்தையான வீடொன்று எழுவதுண்டு. அதன் சுவர் சுட்ட மாவின் நிறங்கொண்டது. கூரையின் ஓரங்களிற் பனி உறைந்து தொங்குவதுபோல வெண்ணிறச் சீனிக் கலவை வழிந்து நிற்கும். வாயிற்றூண்களோ சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய இனிப்புத் தடிகள். அணுகிப் பார்த்தால் பெரும்பாலும் அது வெறும் பலகையும் வர்ணமுமே. எங்கோ சில இடங்களில் மாத்திரம் உண்மையாகவே தின்னத்தக்க வீடாக இருக்கும். இவ்வீட்டை மேனாட்டார் இஞ்சியின் பெயரால் வழங்குகின்றனர். அப்பெயரின் வேரைத் தேடிச் செல்வோர் தமிழ் வழங்கும் நிலத்துக்கே வந்து சேர்வர்.

ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' என வழங்குஞ் சொல் இலத்தீனில் 'சிங்கிபெர்' என்றும், கிரேக்கத்திற் 'சிங்கிபெரிஸ்' என்றும், பாளியிற் 'சிங்கிவேர' என்றும் காணப்படும். இவையாவும் 'இஞ்சி', 'வேர்' என்னுந் திராவிடச் சொற்கள் இரண்டிலிருந்து கிளைத்தவை என மொழிநூலார் பலர் கொள்வர். 'ஜிஞ்சர்பிறெட்' என்னுந் தொடரின் பிற்பாதியோ வேறு வகையானது. பழைய பிரெஞ்சு மொழியில் இஞ்சிப்பாகுக்கு வழங்கிய சொல்லொன்றின் ஈறு ஆங்கிலக் காதில் 'பிறெட்', அதாவது பாண், என விழுந்தது. பெயர் அவ்வாறே நிலைத்தது. பண்டமோ பாணன்று. தேன் அல்லது சீனிப்பாகு, மா, வாசனைச் சரக்குகள் ஆகியவற்றைப் பிசைந்து சுட்டெடுத்த கடினமான பணியாரம் அது. ஜேர்மனியரும் நோர்வே நாட்டாரும் இதனை மிளகின் பெயரால் 'மிளகுப் பணியாரம்' என்றே அழைப்பதுண்டு. கீழைத்தேயத்துச் சரக்கு எதுவாயினும் மிளகு என்று சொல்லிவிடும் பழக்கம் அங்கு ஒரு காலத்தில் இருந்தது.

இப்பண்டத்துக்குப் புகழ் தேடித் தந்த நகரம் ஜேர்மனியின் நியூரெம்பேர்க். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று காடு, மற்றது கடல். நகரைச் சூழ்ந்த பேரரசுக் காட்டில் மரப்பொந்துகளில் தேனீ வளர்ப்போர் வாழ்ந்தனர். 1350ஆம் ஆண்டிற் பேரரசன் நான்காம் சார்ள்ஸ் அவர்களுக்குச் சிறப்புரிமைகள் வழங்கினான். குறுக்குவில் ஏந்திக் காவற் பணி செய்வது அவர்கள் ஏற்ற கடமை. அக்காட்டைப் பேரரசின் தேனீத் தோட்டம் என்றே மக்கள் வழங்கினர். கரும்புச் சீனி அரும்பொருளாயிருந்த அந்நாளில், தேன் கைக்கெட்டிய தூரத்திற் கிடைத்தது அந்நகருக்குப் பெருஞ்செல்வமாயிற்று.

வாசனைச் சரக்குகள் கடல்வழி வந்தன. மலையாளக் கரையின் மிளகும் இஞ்சியும், இலங்கையின் கறுவாவும், கீழைத்தீவுகளின் கராம்பும் சாதிக்காயும் அராபியர் கைமாறி அலெக்சாந்திரியாவை அடைந்து, அங்கிருந்து வெனிஸ் நகருக்குச் சென்றன. வெனிஸில் ஜேர்மன் வணிகருக்கெனத் தனி மாளிகையே இருந்தது. அங்கு கொள்முதல் செய்த நியூரெம்பேர்க் வணிகர் அல்ப்ஸ் மலையைக் கடந்து சரக்கைக் கொண்டுவந்தனர். பின்னர் போர்த்துக்கேயர் கடற்பாதையைத் திறந்தபோதும் அவர்கள் பின்தங்கவில்லை. 1505ஆம் ஆண்டு பிரான்சிஸ்கோ டி அல்மேதாவின் தலைமையில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பற்படையில் தென்ஜேர்மன் வணிகக் குடும்பங்கள் முதலிட்டன; நியூரெம்பேர்க்கின் இம்ஹோப், ஹிர்ஷ்போகல் குடும்பங்களும் அவற்றுட் சேர்ந்தவை. அந்த அல்மேதாவின் மகன் லொறென்சோவே சிறிது காலத்தின் பின் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயத் தலைவன். கறுவாவுக்காக இத்தீவு பட்ட பாடு அன்று தொடங்கியது. பணியாரக்காரரின் போறணைக்கும் நீர்கொழும்புக் கறுவாக் காட்டுக்கும் இடையே இத்தகைய ஓர் இழை ஓடுகின்றது.

நியூரெம்பேர்க்கில் இப்பண்டஞ் சுடுவோன் ஒருவன் 1395ஆம் ஆண்டளவிலேயே பதிவேட்டில் இடம்பெறுகின்றான். எனினும் 1643இலேயே நகரசபை இவர்களைத் தனித் தொழிற்குழுவாக ஏற்றுக்கொண்டது. மாவைப் பிசைந்து வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கிலும், குளிர்ந்த இடத்தில் ஊறவைத்தபின் சுடுவது அவர்களது முறை. மரத்திற் செதுக்கிய அச்சுக்களில் அரசரும் வீரரும் பறவைகளும் பணியாரமாக உருப்பெற்றனர். அவ்வச்சுக்கள் இன்று நூதனசாலைகளிற் காட்சிக்குள்ளன. 1487ஆம் ஆண்டிற் பேரரசன் மூன்றாம் பிரெடெரிக் தன் உருவம் பொறித்த பணியாரங்களை நகரத்துக் குழந்தைகள் ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு அளித்தான் என்பர். தன் முகத்தைத் தன் குடிகள் கடித்துத் தின்ன அனுமதித்த அரசர் வரலாற்றில் அதிகமில்லை. 1996 முதல் ஐரோப்பியச் சட்டத்தின்படி அந்நகர எல்லைக்குள்ளே செய்யப்படுவதற்கு மாத்திரமே நியூரெம்பேர்க் என்னும் பெயர் உரியது.

இவ்வளவு நெடிய வரலாற்றில் வீடு எங்கே வந்தது? அதை எழுப்பியது சமையற்காரன் அல்லன், கதைசொல்லி. கிறிம் உடன்பிறந்தார் 1812ஆம் ஆண்டில் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுதியில், ஹான்சல், கிரேத்தல் என்னும் இரு பிள்ளைகள் காட்டில் விடப்படுகின்றனர். வீட்டில் உணவில்லை, பெற்ற பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரும்படி செய்தது பஞ்சம். பசியோடு அலையும் பிள்ளைகள் சூனியக்காரியின் வீட்டைக் காண்கின்றனர். அவ்வீட்டின் சுவர் பாண், கூரை பணியாரம், சாளரம் தெளிந்த சீனி. அக்கதையில் இஞ்சியென்ற பேச்சே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பட்டினி கிடந்த குழந்தை கனவு காண்பது வாசனைச் சரக்கையன்று, வெறும் பாணைத்தான். பஞ்சத்தின் நினைவு மங்கி, நகரங்களில் வாழ்வு செழித்த பின்னரே அப்பாண் வீடு இஞ்சிப்பாண் வீடாக மாறியது. நத்தார்க் காலத்திற் சிறு வீடுகள் செய்து விற்கும் வழக்கமும் ஜேர்மனியில் இக்கதையோடு சேர்ந்தே பரவிற்று.

அந்த வீட்டை மேடையேற்றியவர் எங்கல்பேர்ட் ஹம்பர்டிங்க். தம் தங்கை அடெல்ஹைட் வெட்டே எழுதிய பாடல்களுக்கு அவர் அமைத்த இசைநாடகம் 1893 டிசெம்பர் 23ஆம் நாள் வைமர் நகரில் அரங்கேறியது. இசைக்குழுவை நடத்தியவர் ரிச்சர்ட் ஸ்ட்ராவுஸ். சூனியக்காரி பணியாரமாக்கிவிட்ட பிள்ளைகள் அவளது வீட்டைச் சுற்றி வேலியாக நிற்பர். அவள் போறணைக்குள் மாய்ந்ததும் உயிர்த்தெழுவர். நத்தாருக்கு இரு நாட்களுக்கு முன் அரங்கேறிய இந்நாடகம் பின்னர் அப்பருவத்துக்கே உரியதாயிற்று. ஆளுயர இஞ்சிப்பாண் வீட்டைக் கண்முன் காணும் ஆவல் இம்மேடையால் வளர்ந்தது எனலாம்.

இதனிடையே இப்பெயர் தச்சர் உலகத்துக்குஞ் சென்றது. சந்தைகளில் விற்ற பணியாரங்களின்மேல் பொன்றகடு ஒட்டி மினுக்குவது இங்கிலாந்தில் வழக்கம். அதனால் கப்பலின் பின்புறத்துப் பொன்பூசிய சிற்பவேலைக்கும் 'ஜிஞ்சர்பிறெட்' என்று பெயர் வந்தது. நீராவியால் இயங்கும் நுண்வாள்கள் தோன்றியபின் அமெரிக்காவிற் சாதாரண வீட்டின் தாழ்வாரத்துக்கும் மரச்சரிகை வேலை மலிவாயிற்று. மசசூசெற்ஸ் மாநிலத்தின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் அத்தகைய சிறுவீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒளிவிளக்குகள் ஏற்றும் இரவு 1869 முதல் வழக்கிலுள்ளது. பணியாரம் போன்ற வீடுகள் முன்னே வந்தன. வீடு போன்ற பெரும் பணியாரங்கள் பின்னே வந்தன.

பணியாரத்தை வீடாக நிறுத்துவது எளிதன்று. பருப்பு மிகுந்து மாக் குறைந்த உயர்ந்த வகை, தின்பதற்கு இனியதாயினும் சுவராகாது. மா மிகுந்து நன்கு காய்ந்த தட்டுக்களே நிற்கும். அவற்றை ஒட்டும் சாந்து, முட்டையின் வெள்ளைக்கருவோடு மாச்சீனி அடித்த கலவை. காய்ந்தபின் அது கல்லாகிவிடும். ஆனால் தேனும் சீனியும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. பிஸ்கற் டப்பாவைத் திறந்து வைத்த கொழும்புவாசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சிறு வீடு மெல்ல இளகும். பெரிய வீடாயின் தன் பாரத்தாலேயே சரியும். ஆதலால் வெளியிடத்தில் எழுப்புவோர்க்கு இரு வழிகளே உண்டு: மரச்சட்டத்தின்மேற் பணியாரத் தட்டுக்களைப் பதிப்பது, அல்லது ஒட்டுப்பலகைக்கு மண்ணிறம் பூசி, விரிசல் அடைக்கும் வெண்பசையால் சீனிக்கோலம் இடுவது. இரண்டாவது வழியைக் குறைவாகப் பேசுவோர் உளர். மழையில் நனைந்து நிற்கவேண்டிய பொருளுக்கு அதுவே நேர்மையான வழி.

நோர்வேயின் பேர்கன் நகரத்தார் வேறொரு முடிவுக்கு வந்தனர். அங்கு ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் மழை. 1991 முதல் ஆண்டுதோறும் அங்கே இஞ்சிப்பாண் நகரமொன்று கூரையின் கீழ் அமைக்கப்படுகின்றது. பாலர் பாடசாலைகளும் பள்ளிகளும் குடும்பங்களும் வர்த்தக நிலையங்களும் சுட்டுக் கொண்டுவரும் நூற்றுக்கணக்கான வீடுகளும் கப்பல்களும் கோயில்களும் ஒரே ஊராகச் சேர்க்கப்படும். 2009 நவம்பரில் ஓரிரவு உட்புகுந்தோர் அந்நகரத்தை அடித்து நொறுக்கிச் சென்றனர். குழந்தைகளின் உழைப்பு தரையிற் கிடந்த செய்தி நாடெங்கும் துயரை விளைத்தது. பேர்கன் மக்கள் தம் போறணைகளை மீண்டும் மூட்டினர். சில நாட்களுக்குள் நகரம் மறுபடி எழுந்து, அவ்வாண்டும் காட்சி நடைபெற்றது. மழைக்கு அஞ்சிக் கட்டிய கூரை மனிதனைத் தடுக்கவில்லை.

திறந்த வெளியிலேயே பெரும் வீடொன்றை எழுப்பத் துணிந்தவர்கள் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துப் பிறையன் நகரிலுள்ள ட்ரடிஷன்ஸ் என்னும் கோல்ப் கழகத்தார். 2013ஆம் ஆண்டில் அவர்கள் கட்டியது 60 அடி நீளமும் 42 அடி அகலமும் கொண்டது. உள்ளே மரச்சட்டம், வெளியே பணியாரத் தட்டுக்கள். மெய்யான வீடு கட்டுவோரைப்போலக் கட்டட அனுமதியும் பெற்றனர். நவம்பர் 30ஆம் நாள் கின்னஸ் சாதனையாக அளக்கப்பட்டபோது அதன் கொள்ளளவு ஏறத்தாழ 39,200 கன அடி. அதற்கெனச் செலவானவை 7,200 இறாத்தல் கோதுமை மா, 1,800 இறாத்தல் வெண்ணெய், 2,925 இறாத்தல் மண்ணிறச் சீனி, 7,200 முட்டைகள். இஞ்சித் தூளோ 1,080 அவுன்சு, அதாவது 67 இறாத்தலுக்குச் சற்று மேல். பண்டத்துக்குப் பெயர் கொடுத்த சரக்கு மாவின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இத்தனை மாவும் வெண்ணெயும் எவர் வாயிலும் படாமற் சுவராக நிற்பதைக் கண்டால், ஹான்சலின் தந்தை என்ன நினைத்திருப்பான் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்வீட்டைக் கட்டியோரின் நோக்கம் வெறும் சாதனை மாத்திரமன்று. பார்வையாளர் உட்சென்று நத்தார்த் தாத்தாவைக் காணக் கொடுத்த நன்கொடை, அப்பகுதி மருத்துவமனையொன்றின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்கென்று சேர்க்கப்பட்டது. வீதி விபத்தில் அடிபட்டு வருபவனுக்கு அம்மா எவ்வழியிற் சென்று பயன்பட்டதென்பது தெரியப்போவதில்லை.

நியூரெம்பேர்க்கின் பழைய நகரம் 1945 ஜனவரி 2ஆம் நாள் குண்டுவீச்சிற் பெரும்பாலும் அழிந்தது. சுவர்கள் மீள எழுமுன்னரே, 1948இல், அதன் நத்தார்ச் சந்தை மரமும் துணியும் கொண்டமைத்த கடைகளோடு இடிபாடுகளிடையே மறுபடி கூடிற்று. இன்றும் அக்கடைகளில் தேனும் கறுவாவும் மணக்கும் பணியாரங்கள் விற்கப்படுகின்றன. அருகிலேயே, பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாமே ஒட்டிக் கட்டுவதற்கு, நான்கு சுவரும் இரு கூரைத் தட்டுமாக வெட்டிச் சுட்ட இஞ்சிப்பாண் வீடுகளும் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும்.