அம்மம்மாவின் ஃபானும் பங்காக் கயிறும்

மொன்றியலில் சீலிங் ஃபான் மூன்று மாதச் சாமான். மிச்ச மாதங்களில் அதன் வேலை தூசி சேர்ப்பதுதான். ஆனால் 2018 கோடை வெப்ப அலையில் இந்த நகரத்தில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் வயதானவர்கள், நோயாளிகள், தனியே இருந்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அம்மம்மாவின் அறை ஃபானை யாரும் பகிடி பண்ணுவதில்லை.

அந்த ஃபானுக்குச் சுவரில் ரெகுலேட்டர் இல்லை. இங்கே பல வீடுகளில் இருப்பதுபோல ஒரு சங்கிலி தொங்கும். ஒருமுறை இழுத்தால் வேகம், அடுத்தது நடுத்தரம், பிறகு மெது, பிறகு நிற்கும். எட்டவில்லை என்று அம்மம்மா சங்கிலியில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தார். இடுப்பு நோவோடு இரவில் எழும்பி நின்று இழுப்பார். "கயிறு இழுக்கிற ஆளும் நான்தான், காத்து வாங்கிற ஆளும் நான்தான்" என்று ஒருநாள் சிரித்தார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது பங்கா.

பங்கா என்றால் தெரியுமா? மின்சாரம் வருவதற்கு முன், வெள்ளைக்காரர் ஆண்ட இந்தியாவில் பங்களாக்கள், நீதிமன்றங்கள், தேவாலயங்கள் என எங்கும் கூரையில் ஒரு நீளச் சட்டம் தொங்கும். அதில் துணி கட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு கயிறு சுவர்த் துளை வழியாக வெளியே வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒருவர் இருந்து கயிற்றை இழுத்து இழுத்து விடுவார். உள்ளே துரை நித்திரை, வெளியே வெக்கையில் இவர் விழிப்பு. சிலர் படுத்தபடி கயிற்றைக் கால் விரலில் மாட்டி இழுப்பார்களாம்.

கண் அயர்ந்தால் காற்று நிற்கும். காற்று நின்றால் துரை எழும்புவார். அப்படி எழும்பிய வெள்ளைச் சிப்பாய்களிடம் உதைபட்டுச் செத்த பங்கா இழுப்பவர்கள் உண்டு. நீதிமன்றத்தில் "இவருக்கு ஏற்கெனவே மண்ணீரல் வீங்கியிருந்தது, அதுதான் வெடித்துவிட்டது" என்ற வாதம் திரும்பத் திரும்ப வந்தது. மலேரியாவால் மண்ணீரல் வீங்குவது உண்மைதான். அதைச் சாட்டாக்கிச் சின்னத் தண்டனையோடு போனவர்கள் பலர். 1899இல் வைஸ்ராயாக வந்த கர்சன் பிரபுவே இந்த வழக்குகளைப் பார்த்துக் கோபப்பட்டார். இதை வாசித்த நாளிலிருந்து பழைய படங்களில் பங்காவைக் கண்டால் நான் முதலில் தேடுவது அந்தச் சுவர்த் துளையைத்தான்.

மின்சார சீலிங் ஃபான் 1880களில் அமெரிக்காவில் பிறந்தது. பிலிப் டீல் என்பவர் சிங்கர் தையல் மெஷினுக்குச் செய்த மோட்டாரைக் கூரையில் மாட்டினார். உங்கள் பாட்டி வீட்டிலும் இருந்திருக்கக்கூடிய அதே சிங்கர்! 1899இல் கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்ததும் பங்காக்கள் மெல்ல மெல்ல இறங்கின. கயிற்றோடு சேர்ந்து இழுத்தவர்களின் வேலையும் போயிற்று.

ரிமோட்டின் கதை வேறு. 1955இல் அமெரிக்காவில் ஸெனித் நிறுவனம் ஒளி பாய்ச்சித் தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட்டை விற்றது. அடுத்த ஆண்டே காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ஒன்றை விற்றது. ஃபானுக்கு அது சுலபமாக ஒட்டவில்லை. சாதாரண ஃபான் மோட்டாரின் வேகத்தை மாற்ற, அதற்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பழைய ரெகுலேட்டர் பெட்டி அதைக் கம்பிச் சுருளால் செய்தது. மிச்ச மின்சாரம் சூடாக வீணாகும். இன்று கூரைக் கிண்ணத்துக்குள் வைக்கும் ரிசீவர் பலவும் கப்பாசிட்டர்களை மாற்றி மாற்றி இணைத்து அதே வேலையைச் செய்கின்றன.

நம்மாட்களும் இந்தக் கதையில் உண்டு. மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன கோயம்புத்தூரில் 2012இல் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 'சூப்பர்ஃபான்' கொண்டுவந்தது. பிரஷ் இல்லாத டிசி மோட்டார், ரிமோட்டும் கூடவே வந்தது. சாதாரண ஃபான் ஏறக்குறைய 75 வாட் தின்னும், இது 35 வாட். அந்த மோட்டாரை ஓட்டவே உள்ளே மின்னணுப் பலகை வேண்டும். பலகை இருந்தால் ரிமோட் சேர்ப்பது பெரிய வேலையில்லை. அது தமிழ்நாடு மணிக்கணக்கான மின்வெட்டில் தவித்த ஆண்டு. இன்வெர்ட்டர் பாட்டரியில் ஓடும் ஃபான் பாதி மின்சாரத்தில் சுற்றினால் எத்தனை பேருக்கு நித்திரை கிடைத்திருக்கும்! 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின் ஆண்டுக்கணக்காகப் பனையோலை விசிறியோடு படுத்த அம்மம்மாவுக்கு இதை நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

சரி, எங்கள் வீடு. ரிசீவரை வாங்கிவிட்டேன். பொறியியலில் மாஸ்டர்ஸ் இருக்கிறது, மூன்று வயர் பூட்டத் தெரியாதா? தெரியும். ஆனால் கியூபெக்கில் சொந்த வீடானாலும் மின்சார வேலையை உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரர்தான் செய்யவேண்டும். அம்மா சட்டத்தைச் சொல்லி என்னை ஏணியிலிருந்து இறக்கினார். வந்த எலெக்ட்ரீஷியன் முதலில் சுவரிலிருந்த டிம்மரைக் கழற்றிச் சாதாரண சுவிச் போட்டார். டிம்மரோடு இணைத்தால் மோட்டார் இரையும், ரிசீவர் எரியும். பிறகு ரிசீவரிலும் ரிமோட்டிலும் இருக்கும் நான்கு குட்டிச் சுவிச்சுகளை ஒரேமாதிரி வைத்தார். நான்கு சுவிச்சில் 16 சேர்க்கைதான் வரும். அலை சுவரைத் தாண்டும் என்பதால், கீழ்வீட்டுக்காரரும் அதே ரிமோட், அதே சேர்க்கை வைத்திருந்தால் அவர் அமத்த எங்கள் ஃபான் சுற்றும்.

கடைசியில் சங்கிலியை முழு வேகத்தில் விட்டுவிட்டு, இனி அதைத் தொடக்கூடாது என்று சொல்லிப் போனார்.

இரண்டாம் நாள் காலையில் அம்மம்மா ரிமோட்டை என் கையில் வைத்தார். "பிள்ளை, இது பழுது." பாட்டரியை மாற்றிப் பார்த்தேன், சுவிச்சுகளைப் பார்த்தேன். பிறகுதான் ரிப்பன் ஆடுவதைக் கண்டேன். அரை நித்திரையில் எழும்பி, பழக்கத்தில் சங்கிலியை மூன்று தரம் இழுத்திருக்கிறார். இப்போது ரிப்பனை அவிழ்த்துவிட்டோம். ரிமோட் தலையணைக்குக் கீழே, பனையோலை விசிறிக்குப் பக்கத்தில் இருக்கிறது.