ஒளியை முந்தியது யார்?

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு அருகில் இருக்கிறது பொட்டிபுரம். நியூட்ரினோ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு டீக்கடைகள் வரை கொண்டு சேர்த்த ஊர் இது. இங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2011 செப்டம்பரில், இந்த நியூட்ரினோ உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. ஒளியை விட வேகமாக அது ஓடுகிறது என்று செய்தி வந்தது. அப்படியானால் 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னது தவறா?

ஒன்று ஒளியை முந்துவது போலத் தோன்றியது அதுவே முதல் முறை அல்ல. இந்தக் கதையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1676-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ரோமர் வியாழனின் அயோ என்ற நிலாவைக் கவனித்தார். பூமி வியாழனை நெருங்கும்போது அயோவின் கிரகணங்கள் கணக்கிட்டதை விட முன்னதாகவும், விலகும்போது தாமதமாகவும் நடந்தன. நிலா தன் வேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதன் ஒளி நம்மிடம் வந்து சேர ஆகும் நேரம்தான் மாறியது. ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்பதற்கு முதல் சான்று இதுதான்.

இந்தத் தாமதம் வேகத்தை எப்படிக் கூட்டிக் காட்டும்? போடியிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் ஒரு ஏலத்தோட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரு ஜீப் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. புறப்படும்போதே, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கில் ஒரு சீட்டு அனுப்பப்படுகிறது. அது ஒரு மணி நேரத்தில் போடிக்கு வந்துவிடும். அப்போது ஜீப் இன்னும் 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கிருந்து அதே வேகத்தில் இன்னொரு பைக்கில் இரண்டாவது சீட்டு. அது வந்து சேர 6 நிமிடம். போடியில் இருப்பவர் சீட்டுகள் வந்த நேரத்தை மட்டும் பார்த்தால், ஜீப் 36 கிலோமீட்டரை 6 நிமிடத்தில் கடந்தது என்பார். அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர்! சீட்டில் எழுதிய நேரத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதில் பைக்கை ஒளி என்றும், ஜீப்பை ஒளியை ஒட்டிய வேகத்தில் நம்மை நோக்கிச் சற்றே சாய்வாக வரும் வாயுக் கட்டி என்றும் கொண்டால், வானில் அதன் பக்கவாட்டு நகர்வு ஒளியை மிஞ்சியதாகத் தெரியும். 1966-ல் மார்ட்டின் ரீஸ் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். ஐந்தே ஆண்டுகளில், 1971-ல், ரேடியோ தொலைநோக்கிகள் 3சி 279 என்ற குவேசாரில் அதையே கண்டன.

இனி 2011-க்கு வருவோம். ஜெனீவாவின் செர்ன் கூடத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் இருந்த ஓபரா கருவிக்கு நியூட்ரினோக்கள் அனுப்பப்பட்டன. ஒளி வரவேண்டிய நேரத்தை விட அவை 60 நானோநொடி முன்னதாக வந்ததாகக் கணக்கு காட்டியது.

ஆனால் 1987-ல் வெடித்த ஒரு விண்மீன் ஏற்கெனவே வேறு சாட்சி சொல்லியிருந்தது. அது சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் இருந்தது. ஓபரா சொன்ன வேகம் சரியென்றால், அதன் நியூட்ரினோக்கள் ஒளிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். வந்ததோ சுமார் மூன்று மணி நேரம்தான் முன்பு. அதுவும், ஒளி விண்மீனின் உள்ளிருந்து வெளியேறத் தாமதமானதால்!

2012-ல் குட்டு வெளிப்பட்டது. ஒளியிழை வடம் ஒன்று சரியாகச் செருகப்படவில்லை. அதனால் ஜிபிஎஸ் நேரக்குறிப்பு சுமார் 73 நானோநொடி தாமதமாகக் கடிகாரத்துக்கு வந்தது. கடிகாரம் பின்தங்கியதால் நியூட்ரினோ முந்தியதாகத் தெரிந்தது. இங்கும் மாயம் செய்தது தாமதம்தான்.

ஓபரா குழு தன் தவறைத் தானே வெளியிட்டது. முடிவை அறிவித்தபோதே, பிழை இருந்தால் கண்டுபிடியுங்கள் என்று உலகத்திடம் கணக்கையும் திறந்து காட்டியிருந்தது.

பொட்டிபுரம் திட்டமோ மக்கள் எதிர்ப்பு, வழக்குகள், 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு தெரிவித்த மறுப்பு என்று நின்றுபோனது. மலை என்னாகும், தண்ணீர் என்னாகும் என்று கேட்டவர்களை அறிவியலுக்கு எதிரிகள் என்று சிலர் சொன்னார்கள். கணக்கைக் காட்டு என்று கேட்பதிலிருந்துதான் அறிவியலே தொடங்குகிறது. அந்தக் கேள்வியை ஐன்ஸ்டீனிடம் கேட்கலாம், ஓபராவிடம் கேட்கலாம் என்றால், அம்பரப்பர் மலையடிவாரத்தில் இருப்பவர்கள் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?