நாற்பதுக்குப் பின் வரும் பருவம்



தமிழ்ப் புலவர்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்தனர் என்பதை நீங்கள் இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. சேரமான் பெருமாள் பாடிய திருக்கைலாய ஞான உலா தொடங்கி, உலா நூல்கள் யாவும் இவ்வேழு பருவ மகளிரையும் முறையே நிறுத்திப் பாடுகின்றன. இவற்றுள் இறுதியாகிய பேரிளம்பெண்ணின் வயது 32 முதல் 40 வரை என்பது வழக்கு. நாற்பதுக்குப் பின்? அதற்குப் பெயரே இல்லை. பாட்டு அங்கே நின்றுவிடுகின்றது. பெண்ணின் வாழ்வோ நிற்பதில்லை.

பெயர் பெறாத அப்பருவத்தின் வரலாற்றையே இன்று காண்போம். மாதவிடாய் தடுமாறிப் பின் நின்றுபோகும் காலம் அது. இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதளவில் அது நிகழ்கின்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே உடல் மாறத் தொடங்கும். திடீரென மேனி கொதிக்கும், வியர்க்கும், இரவில் உறக்கம் கலையும், காரணமின்றிக் கவலை சூழும், எழுந்த பொழுதே களைப்பாக இருக்கும். “வெளியே ஒன்றும் தெரியவில்லை, உள்ளுக்குள் உதறுகிறது” என்று சிலர் சொல்வர். எங்கள் அரும்பாவூர்ப் பக்கத்தில் பருத்திக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் குனிந்து வேலை செய்யும் பெண்களும் இதனைப் ‘படபடப்பு’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

மருத்துவ நூலார் இம்மாற்றத்தை அறியாதவர் அல்லர். பன்னிரண்டாம் வயதளவில் தொடங்கும் மாதவிடாய் ஐம்பதாம் வயதளவில் ஓயும் என்று சுசுருத சங்கிதை பண்டைக் காலத்திலேயே கூறிற்று. ஐரோப்பாவில் 1821-ஆம் ஆண்டில் கார்தான் என்னும் பிரெஞ்சு மருத்துவர், ‘மாதம்’, ‘நிற்றல்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘மெனோபாஸ்’ என்னும் பெயரை வழங்கினார். பெயர் கிடைத்தது, ஆயினும், பெண் தன் துன்பத்தை யாரிடம் சென்று சொல்வது?

இவ்வினாவிற்கு விடை தேடியதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்துப் பேறுகாலத்தில் பெண்கள் மடிவதைக் கண்டு வருந்திய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வாண்டு அங்கே இடம்பெற்ற பெண்கள் நால்வரே. பின்னர் இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1885-இல் பெண்களுக்கெனச் சென்னையில் ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதன் வழிவந்ததே. நமக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1912-இல் அதே கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

இவர்களால் மகப்பேறு பாதுகாப்படைந்தது. அதுவே அன்றைய பெருந்தேவை. ஆனால், பெண் மருத்துவம் என்றாலே பிள்ளைப்பேறு என்னும் எண்ணமும் உடன் வேரூன்றிற்று. பிள்ளை பெறும் வயது கடந்தவள் உலா நூலிலிருந்து மறைந்ததுபோலவே மருத்துவரின் கண்ணிலிருந்தும் மறைந்தாள். ஷார்லீப் அம்மையாரோ அவளை மறக்கவில்லை. 1915-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘பெண்ணின் ஏழு பருவங்கள்’ என்பதாம். அவருடைய ஏழு நாற்பதோடு முடியவில்லை. முதுமை வரை செல்கின்றது.

இனி அறிவியலின் கதையைக் கேளுங்கள். 1923-இல் அமெரிக்காவில் ஆலன், டாய்சி என்னும் இருவர், சூற்பையில் சுரக்கும் ஒரு பொருளின் ஆற்றலை ஆய்வால் நிறுவினர். பிற்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் எனப்பட்ட ஹார்மோன் அதுவே. நடுவயதில் அது குறையும்பொழுது, உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப்பகுதி தடுமாறுகின்றது. வெப்பம் சிறிது ஏறினாலும் வியர்வை பெருகுகின்றது. அதனால் உறக்கம் கெட, உறக்கக் கேட்டால் களைப்பும் கவலையும் மிகுகின்றன. ஆகவே, இது மனக்கோளாறும் அன்று, பேயின் வேலையும் அன்று, வேலைக்கு அஞ்சிய சாக்கும் அன்று.

குறைந்ததை மருந்தாகக் கொடுக்கும் முறை 1942-இல் அமெரிக்காவில் பரவலாயிற்று. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த மாத்திரை அது. இளமையே திரும்பிவிடும் என்று விளம்பரம் செய்தோரும் உண்டு. ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டால் கருப்பைப் புற்றுநோய் மிகுகின்றது என்பது 1975-இல் வெளிப்பட்டது. 2002-இல், 16,608 பெண்களிடம் நடந்த ஒரு பேராய்வு, கூட்டு ஹார்மோன் மருந்தால் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் ஓரளவு மிகுவதைக் கண்டு இடையிலேயே நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் அஞ்சி மருந்தைக் கைவிட்டனர். அவ்வாய்வில் பங்குகொண்டோரின் சராசரி வயது 63 என்பதும், அறுபதுக்குட்பட்டோர்க்குத் தக்க சோதனைக்குப் பின் கொடுத்தால் பலருக்கும் நன்மையே மிகும் என்பதும் பின்னரே தெளிவாயின. மிகையான புகழ்ச்சி, மிகையான அச்சம் ஆகிய இரண்டும் பெண்களுக்குத் தீங்கே செய்தன என்பது இவ்வரலாறு புகட்டும் பாடம்.

எனவே, செய்யத்தக்கது யாது? தைராய்டுக் கோளாறும் இரத்தசோகையும் இதே களைப்பையும் படபடப்பையும் தரக்கூடும். முதலில் இரத்தச் சோதனை வேண்டும். மாதவிடாய் ஓராண்டு நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். நாள்தோறும் நடை, எலும்புக்கு வலுவூட்டும் கேழ்வரகும் கீரையும் மோரும், இரவில் காற்றோட்டமான படுக்கை, மாலைக்குப் பின் காப்பியைத் தவிர்த்தல் ஆகியவை துணைபுரியும். இவற்றால் தீராத துன்பத்திற்கு ஹார்மோன் மருந்தும் வேறு மருந்துகளும் உண்டு. அவை யார்க்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர், இரத்த அழுத்தமும் நீரிழிவும் பார்க்க வீட்டிற்கே வருகின்றார். அவரிடம் இதனையும் வாய்திறந்து சொல்லலாம்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் மேல்வகுப்பில் பயிலும் காலமும் உங்கள் அன்னையர் இப்பருவத்தைக் கடக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றே. உங்கள் தேர்வு நாளில் உங்களுக்குமுன் எழுபவர், முந்திய இரவு உறங்காதவராகவும் இருக்கலாம். “அம்மா எரிந்து விழுகிறாள்” என்று சொல்லுமுன், “அம்மா, நேற்று உறங்கினாயா?” என்று கேளுங்கள். ஒரு குடம் நீரை நீங்கள் தூக்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவருடன் ஒருநாள் சென்று வாருங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். புலவர்கள் விட்ட எட்டாம் பருவத்திற்குப் பெயர் சூட்டுவது அறிஞர் கடமையாக இருக்கட்டும். அப்பருவத்தில் இருப்பவரின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்பது உங்கள் கடமை.