அடுப்பங்கரைப் புகையும் இருதய வைத்தியமும்

வைத்தியர் ஒருவர் பெற்ற பயிற்சியின் பெறுமதி, அவர் தம் மக்களிடையே காணும் நோயை இனங்காணும்போதே வெளிப்படுகின்றது. இந்தியாவின் முதற் பெண் இருதயநோய் நிபுணராகிய வைத்திய கலாநிதி பத்மாவதியின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1917ஆம் ஆண்டு பர்மாவில் ஒரு தென்னிந்தியக் குடும்பத்திற் பிறந்த அவர், ரங்கூன் வைத்தியக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். 1942இல் யப்பானியர் பர்மாவின்மீது படையெடுத்தனர். பத்மாவதி தம் தாயுடனும் சகோதரிகளுடனும் கோயம்புத்தூருக்குத் தப்பிவந்தார். பர்மாவிலேயே தங்கிவிட்ட தந்தையைப் போர் முடிந்த பின்னரே அவர்கள் மீண்டும் காண முடிந்தது.

1949இல் அவர் லண்டன் சென்று உயர்கல்வி கற்றார். சுவீடனிற் சிலகாலம் இருதயநோயியல் பயின்றபின் அமெரிக்காவை அடைந்தார். ஆங்கே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலையில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஹெலன் டௌசிக் அம்மையார். செவிப்புலன் குன்றியமையால், குழந்தைகளின் மார்பிற் கைவைத்தே இருதயத் துடிப்பை ஆராய்ந்தவர் அவ்வம்மையார். பின்னர் ஹாவாட் சர்வகலாசாலையிற் போல் டட்லி வைற் என்னும் பேரறிஞரிடம் பத்மாவதி பயிற்சி பெற்றார். நோயைத் தீர்ப்பதோடு வருமுன் தடுக்கவும் வேண்டும் என்பது வைற்றின் கொள்கை.

1953இல் டில்லியிலுள்ள லேடி ஹார்டிங் வைத்தியக் கல்லூரியில் அவர் பணியேற்றார். அங்கே ஒரு புதுமை அவருக்குப் புலனாயிற்று. நுரையீரல் நெடுங்காலம் நோயுற்றால், அதனுள் இரத்தத்தைச் செலுத்த இருதயத்தின் வலப்பாகம் மிகையாக உழைத்துப் பருத்துத் தளர்ந்துவிடும். மேலைநாடுகளில் இந்நோய்க்குப் பெரும்பாலும் ஆளானோர் புகைபிடிக்கும் ஆடவரே. டில்லியிலோ, புகைபிடியாத பெண்களும் ஆடவர்க்கு ஏறக்குறைய ஒத்த அளவில் இந்நோயால் வருந்தினர். 127 நோயாளரை ஆராய்ந்து, 1959இல் அவரும் சக வைத்தியர் ஒருவரும் ஆய்வுரையொன்றை வெளியிட்டனர். காற்றோட்டமற்ற அடுப்பங்கரைகளில் விறகும் வரட்டியும் எரித்த புகையின்மீதே ஐயம் விழுந்தது. பிறநாட்டு நூல்கள் கூறாத காரணம், அன்றாடம் சோறு சமைக்கும் அடுப்பிலேயே இருந்தது.

1962இல் அகில இந்திய இருதய நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், 1967இல் மௌலானா ஆசாத் வைத்தியக் கல்லூரியின் அதிபரானார். ஓய்வுபெற்ற பின்னரும் 1981இல் தேசிய இருதய நிலையத்தை நிறுவினார். 2020இல், தமது 103ஆம் வயதிற் காலமானார்.

ஆசியக் கிராமங்கள் பலவற்றில் விறகடுப்பு இன்றும் எரிகின்றது. அடுப்பங்கரைக்கு ஒரு சாளரமும் புகைபோக்கியும் அமைப்பது வீட்டுக்கு அழகு சேர்க்கும் வேலை மட்டுமன்று. அங்கு சமைக்கும் தாயின் இருதயத்தைக் காக்கும் வைத்தியமுமாகும்.