சென்னைக் காசிமும் கல்கத்தா மகேஷும்

ஆனந்த், குகேஷுக்கு முன்னோடிகள் இருவரை இன்று அறிமுகப்படுத்துகிறேன்.

சென்னை குலாம் காசிம், 1828-இல் ஹைதராபாத்துக்கு எதிரான கடிதவழிச் சதுரங்கப் போட்டியில் சென்னைக்காக ஆடியவர். குதிரையைப் பலிகொடுத்துத் தாக்கும் முறையை ஆராய்ந்து, ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து 1829-இல் நூலாகவே வெளியிட்டார்.

கல்கத்தா மகேஷ் சந்திர பானர்ஜி நேர்மாறு, பொறுமைசாலி. மந்திரியை நீண்ட மூலைவிட்டத்தில் நிறுத்தி, எதிராளியை நடுவில் முன்னேறவிட்டுப் பிறகு அடிப்பார். அவருடன் ஆடிய ஜான் காக்ரேன் என்ற வழக்கறிஞர் குறித்து வைத்ததால்தான் அந்த ஆட்டங்கள் நமக்குக் கிடைத்தன.

முடிவைப் பாருங்கள். ஒரு தொடக்க ஆட்டத்துக்குக் காசிமின் பெயரே நிலைத்துவிட்டது. மகேஷின் பாணிக்கோ ‘இந்தியத் தடுப்பாட்டம்’ என்று நாட்டின் பெயர்தான்; ஆளின் பெயர் இல்லை.

எழுதி வைப்பவர் பெயரே நிற்கும், பிள்ளைகளே. வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

– கிளியூரிலிருந்து உங்கள் பழைய வாத்தியார்